குலுக்கல் சீட்டா, ராத்திரிக் காவலா? மூன்று பொது கோல்ஃப் மைதானங்கள்

புகழ்பெற்ற கோல்ஃப் மைதானங்கள் பலவற்றில் வெளியாளுக்கு வேலிதான் தரிசனம். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலில் விளையாட வேண்டுமானால் உறுப்பினர் ஒருவர் கூட்டிக்கொண்டு போக வேண்டும்; பணம் இருந்தாலும் உள்ளே போய்விட முடியாது. இதற்கு நேர் எதிராக, உலகப் போட்டிகள் நடந்த அதே புல்லில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஆடக்கூடிய பொது மைதானங்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ், நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக், சான் டியேகோவின் டோரி பைன்ஸ் ஆகிய மூன்றை எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் ஆட்டத்தைவிட வாசல்தான் எனக்குச் சுவாரசியம். யாரை, எந்த முறையில், என்ன விலைக்கு உள்ளே விடுகிறார்கள் என்பதில் மூன்றும் மூன்று திசையில் நிற்கின்றன.

செயின்ட் ஆண்ட்ரூஸில் 1552இலேயே ஊர்மக்கள் அந்தக் கடலோர நிலத்தில் கோல்ஃப் ஆடும் உரிமையைப் பேராயர் ஹாமில்டன் எழுத்தில் உறுதி செய்துவிட்டார். இன்றும் நிலம் உள்ளாட்சி மன்றத்துடையது. 1974இல் பாராளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த அறக்கட்டளை அதை நடத்துகிறது. ஓல்டு கோர்ஸில் இடம் பிடிக்கப் பல வழிகள். முந்தைய ஆண்டே விண்ணப்பிக்கலாம். விடுதியோடு சேர்த்து விற்கும் பயண நிறுவனங்களிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கலாம். இரண்டுக்கும் வழியில்லாதவருக்குக் குலுக்கல்: ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்தால் அன்று மாலை முடிவு தெரிந்துவிடும். தனியாக வருபவர்கள் முன்பெல்லாம் இரவிலேயே வந்து வாசலில் வரிசையில் நிற்பார்கள். 2024 முதல் அவர்களுக்கும் குலுக்கல்தான். கட்டணம் கனம். கோடைப் பருவத்தில் 2024இல் 320 பவுண்டு, மறு ஆண்டு 340. உள்ளூர்வாசியோ சில நூறு பவுண்டில் ஆண்டுச் சீட்டு எடுத்து வருடம் முழுக்க ஆடுகிறார்.

பெத்பேஜ் ஒரு மாநிலப் பூங்கா. லாங் ஐலண்டில் ஃபார்மிங்டேல் ஊரை ஒட்டி, ஒரே வளாகத்தில் ஐந்து மைதானங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தின் பெயர். பிளாக் 1936இல் திறந்தது, பெருமந்தக் கால வேலைத்திட்டத் தொழிலாளர்கள் கட்டியது. 2002இல் அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் போட்டியான யு.எஸ். ஓப்பன் இங்கே நடந்தபோது, அரசுக்குச் சொந்தமாகி அரசே நடத்தும் மைதானம் ஒன்றுக்கு அந்தப் போட்டி போனது அதுவே முதல் முறை. மாநிலவாசிக்கு நூறு டாலருக்குள் முடிந்துவிடும். வெளிமாநிலத்தாருக்கு இரண்டு மடங்கு, அதற்கு மேலும். முன்பதிவு நிரம்பிவிட்டால் இருக்கவே இருக்கிறது வண்டி வரிசை. எண் போட்ட நிறுத்தங்களில் முதல் நாள் மாலையே காரைக் கொண்டுவந்து விட்டு, இருக்கையைச் சாய்த்துப் படுத்துவிடுகிறார்கள். அதிகாலையின் முதல் ஆட்ட நேரங்களும், பிறகு இடையிடையே சிலவும் இவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. விடியும் முன்பு ஊழியர் வந்து வரிசைப்படி சீட்டுக் கொடுப்பார்.

இரண்டில் எது நியாயம்? குலுக்கல்தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். முழங்கால் வலிக்காரருக்கும் இருபது வயதுக்காரருக்கும் அதில் ஒரே வாய்ப்பு. ஆனால் குலுக்கலில் பெயர் வராதவர் இன்னொரு நாள், இன்னுமொரு நாள் என்று ஊரில் தங்கிக் காத்திருக்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் கோடைக்கால அறை வாடகையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் விலை தெரியும். பெத்பேஜில் இழப்பது ஒரு இரவுத் தூக்கம். சீக்கிரம் வந்தால் இடம் உறுதி. நான் வண்டி வரிசையின் பக்கம்தான். அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு.

உள்ளே போன பிறகு கதை மாறுகிறது. ஓல்டு கோர்ஸில் ஹேண்டிகேப் சான்று கேட்பார்கள், அதாவது ஆட்டத்திறனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பெத்பேஜில் அப்படி எதுவும் கிடையாது. முதல் குழி (பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய குழிவரை உள்ள நிலம் முழுவதையும் குழி என்றே சொல்வார்கள்) தொடங்கும் இடத்துக்குப் பின்னால் வேலியில் ஒரு பலகை மட்டும். மிகக் கடினமான மைதானம், தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று எச்சரிக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதைப் பொருட்படுத்தாமல் ஆடப் போகிறார்கள். அதன்பின் மேடும் பள்ளமுமாக பதினெட்டுக் குழிகளையும் நடந்தே கடக்க வேண்டும், மோட்டார் வண்டி கிடையாது. நான்காம் குழியில் குறுக்கே கிடக்கும் பிரம்மாண்டமான பங்கரை, அதாவது மணல் பள்ளத்தைப் பார்த்ததும் பலகை சொன்னது பலருக்கு அப்போதுதான் உறைக்கும்.

ஓல்டு கோர்ஸின் சிரமம் வேறு வகை. முதல் பார்வைக்கு அது ஒரு தட்டையான மேய்ச்சல் நிலம். ஏமாற்றமாக இருக்கிறது என்று சொல்லும் வருகையாளர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பங்கர்கள் நூற்றுக்கும் மேல். பலவும் அடிக்கும் இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. ஏழு கிரீன்களை, அதாவது பந்து விழும் குழியைச் சுற்றிய வழவழப்பான புல்திடல்களை, இரண்டிரண்டு குழிகள் பகிர்ந்துகொள்கின்றன, அந்த ஜோடிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். பதினேழாம் குழியில் விடுதிக் கட்டடத்தின் மூலைக்கு மேலாகப் பந்தை அடிக்கச் சொல்வார்கள். ஆகவே முதல் தடவை போகிறவர் கேடி என்ற கூடவரும் உதவியாளர் இல்லாமல் ஆடினால் கொடுத்த பணத்தில் பாதி வீண். பையைத் தூக்குவது அவர் வேலையில் சின்னப் பகுதிதான். எந்தத் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து அடிப்பது என்று சொல்வதற்குத்தான் அவருக்குக் கூலி.

மட்டையே பிடிக்காதவர் போனால்? இங்கே போட்டியே இல்லை, செயின்ட் ஆண்ட்ரூஸ்தான். ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. அன்று அது ஊர்ப் பூங்கா: நாயோடு நடக்கிறவர்கள், குழந்தைகள், மைதானத்தில் உள்ள ஸ்வில்கன் என்ற பழைய கல்பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கக் காத்திருப்போர். மற்ற நாட்களிலும் முதல் குழி, பதினெட்டாம் குழி இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொதுப் பாதை போகிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் கடக்கும்வரை ஆட்டக்காரர் மட்டையைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே 'ஹிமாலயாஸ்' என்ற மேடுபள்ளப் பந்துருட்டும் திடல். சொற்பக் கட்டணத்தில் பாட்டியும் பேரனும் ஆடலாம். பெத்பேஜ் பூங்காவிலும் நடைபாதை, உணவு மேசைகள் எல்லாம் உண்டு, ஆனால் பிளாக் மைதானத்துக்குள் உலாவ விட மாட்டார்கள். போய்ச் சேர்வதில் மட்டும் அதற்கு ஒரு அனுகூலம்: மன்ஹாட்டனிலிருந்து ஃபார்மிங்டேலுக்கு நேரடி ரயில். செயின்ட் ஆண்ட்ரூஸின் ரயில் பாதை 1969இலேயே மூடப்பட்டுவிட்டது. லூகர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

டோரி பைன்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நகராட்சி மைதானம், 1957இல் திறந்தது, பசிபிக் கடல் மேல் செங்குத்தான பாறை விளிம்பு, தலைக்கு மேல் பாராகிளைடர்கள். 2008இல் டைகர் உட்ஸ் காலில் எலும்பு முறிவோடு யு.எஸ். ஓப்பனை வென்றது இங்கேதான். சான் டியேகோவாசிக்குச் சல்லிசு. வெளியாள் அங்குள்ள இரண்டில் தெற்கு மைதானத்துக்கு 200 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். மோட்டார் வண்டி உண்டு, நடக்க முடியாதவருக்கு மூன்றில் இதுதான் ஏற்றது. காட்சிக்காகப் போகிறேன் என்பவர் மட்டையை வீட்டில் வைத்துவிட்டு, பக்கத்திலுள்ள இயற்கைக் காப்பகத்தில் நடக்கலாம். அதே கடல், அதே அரிய பைன் மரங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போகிற நடுத்தர ஆட்டக்காரருக்கு என் சிபாரிசு ஓல்டு கோர்ஸ், கேடியோடு. உடல் வலுவும் கொஞ்சம் பிடிவாதமும் உள்ளவருக்கு பிளாக். பார்வையாளராக மட்டும் பெரிய போட்டிக்குப் போக நினைப்பவர் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்: அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பைப் போட்டி 2025இல் பெத்பேஜில் நடந்தபோது ஒரு போட்டி நாளின் நுழைவுச்சீட்டு 749.51 டாலர். நியூயார்க்வாசி அந்தப் பணத்தில் அதே மைதானத்தில் ஏழெட்டு தடவை தானே ஆடிவிடலாம்.