லேபிள் இல்லாத வெள்ளை டப்பா கிரீமை முகத்தில் பூசாதீர்கள்

எங்கள் ஏரியா பியூட்டி பார்லர் ஒன்றில் என் தங்கைக்கு ஒரு கிரீம் விற்றார்கள். சின்ன வெள்ளை டப்பா, லேபிள் கிடையாது, பில்லும் கிடையாது. என்ன கலந்திருக்கிறது என்று கேட்டதற்கு, "எல்லாம் மூலிகைதாம்மா, நாங்களே கலக்குறது" என்றார்கள்.

முதலில் முகம் நன்றாகவே வெளுத்தது, பருக்கள்கூட அமுங்கின. சில மாதம் போனதும் கன்னத்தில் சிவப்பு ரத்தக்குழாய்கள் நூல் நூலாகத் தெரிய ஆரம்பித்தன. மேலுதட்டில் பூனைமுடி அடர்ந்தது. ஒருநாள் பூசாமல் விட்டால் முகம் சிவந்து வீங்கி, தண்ணீர் பட்டாலே எரிந்தது. பார்லரில் போய்க் கேட்டால், "விட்டதாலதான் அப்படி, தொடர்ந்து போடுங்க" என்று இன்னொரு டப்பாவை நீட்டினார்கள். அந்தத் துணிச்சலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தோல் மருத்துவர் முகத்தைப் பார்த்ததுமே, கிரீமில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். நம் தோல் செல்களுக்குள், உடலே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ள ஒரு ஏற்புப் புரதம் இருக்கிறது. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் அதே புரதத்தில்தான் போய் ஒட்டும். ஒட்டியதும் அந்தப் புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், சில மரபணுக்களை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கிவிடும். அரிப்பும் வீக்கமும் குறைவது அப்படித்தான். கூடவே தோலுக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரதத்தின் உற்பத்தியும் குறைந்து தோல் மெலிந்துபோகும். ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தோல் வெளிறும். இந்த மருந்துகளின் வீரியத்தை அளப்பதே தோல் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்த்துத்தான். அந்த வெளிறலைத்தான் 'கலர் கூடுது' என்று காசாக்குகிறார்கள்.

அதுவும் முகத்தில்! ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டை முன்கையைவிட நெற்றி சுமார் 6 மடங்கும் தாடை சுமார் 13 மடங்கும் உறிஞ்சுகிறது என்று 1967-லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற தோல் நோய் உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்தால் இவை நல்ல மருந்துகள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. மெடிக்கல் ஷாப்பிலேயே அப்படி என்றால், பார்லரில் டப்பாவில் அடைத்து விற்க யார் அனுமதி கொடுத்தது?

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு கிரீம் பூசிக்கொண்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பல நாள் பூசியதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் கொதித்துவிடும். உடனே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். அரசு மருந்து ஆய்வாளரிடம் (டிரக் இன்ஸ்பெக்டர்) புகார் கொடுக்கும்போது அதுதான் ஆதாரம். நாங்களும் மீதி கிரீமோடுதான் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.