ஏசியா, கூலரா, 60 ரூபாய் பாட்டிலா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு கடைசி மாடி. தலைக்கு மேலே மொட்டை மாடிதான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கு மேல் அதைக் கக்க ஆரம்பிக்கும். எனக்குக் கழுத்தில் சி6 மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டு ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது கத்திரியில் வாங்கியது, வாங்கி வீணானது, இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தது எல்லாவற்றையும் எடைபோட்டு எழுதுகிறேன்.

எனக்குத் தொல்லை இரண்டு. பகலில் வேர்க்க வேண்டிய நேரத்தில் வேர்க்காது. ராத்திரி காரணமே இல்லாமல் ஊற்றும். முதல் மூன்று வருடம் இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் பணத்தைத் தொலைத்தோம்.

பகல் கணக்கு முதலில். வேர்வைச் சுரப்பிக்கும் தோலின் ரத்தக்குழாய்க்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள், தண்டுவடத்தில் மார்புப் பகுதி டி1 முதல் இடுப்புப் பகுதி எல்2 வரை கிளம்புகின்றன. அடி கழுத்தில் என்றால் மூளை சொல்வது அங்கே போய்ச் சேராது. அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகும், குளிர்ந்தால் கூடவே குளிரும். "பல்லி ஒடம்புடா உனக்கு" என்பார் அம்மா. டாக்டர் அரைமணி நேரம் விளக்கியதும் இதுதான்.

முதலில் வாங்கியது ஏர் கூலர். இந்த ஊரில் அது ஏமாற்று. ஈரத்தை ஆவியாக்கித்தான் அது காற்றைக் குளிர்விக்கும். கடல் பக்கம் காற்றிலேயே ஈரம் ததும்பி நிற்கும்போது ஆவியாக எங்கே இடம்? ஒரு மணி நேரத்தில் அறை இட்லிப் பானை மாதிரி ஆகிவிடும். மேல்காற்று அடித்துக் கடல்காற்று மதியம் வரை வராத வறண்ட நாட்களில் மட்டும் கொஞ்சம் உதவியது. அப்படி வருடத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும்? எங்கள் கூலர்மேல் இப்போது வெங்காயக் கூடை இருக்கிறது.

வெறும் ஃபேன் பாதி உதவி. மற்றவர்களுக்கு ஃபேன் காற்று வேர்வையைக் காயவைப்பதால் சில்லென்று இருக்கும். காய்ந்த தோல்மேல் அது வெறும் காற்று. வெயில் 38, 39 போகும் மதியத்தில் தோலைவிடக் காற்றே சூடு. ஃபேன் போட்டால் சூட்டைத்தான் உடம்புக்குள் தள்ளும்.

ஆனால் அதே ஃபேனுக்கு முன்னால் சலூனில் முடிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலை வைத்துப் பாருங்கள். முகம், கழுத்து, கை, மார்பு, தொடை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூவாக அடித்தால், இல்லாத வேர்வைக்கு அது பதிலாகிவிடும். குழாய்த் தண்ணீர் போதும். என் அனுபவத்தில் தெர்மாமீட்டர் 100.4-இல் இருந்து முக்கால் மணி நேரத்தில் 99-க்கு இறங்கியிருக்கிறது. காசுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. கரண்ட் போனாலும் சார்ஜ் ஃபேனும் பாட்டிலும் இருந்தால் சமாளிக்கலாம். குறை ஒன்றுதான்: அடிக்க ஒரு ஆள் வேண்டும். என் விரல்களுக்கு அந்த டிரிகர் வேலைக்காகாது. புழுக்கம் அதிகமான நாளில் பலனும் குறையும்.

நிழலிலும் குளிர்ச்சியிலும் வைத்த பிறகும் சூடு இறங்கவில்லை என்றால் அதை வெயில் என்று விடக்கூடாது. எங்களில் பல சமயம் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கும்.

ஐஸ்? காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் இருக்கையில் நண்பன் ஒருவன் மூட்டை கட்டிக் கொண்டுவந்தான். துண்டில் சுற்றிக் கழுத்தில் வைத்தால் சுகம். உணர்ச்சி இல்லாத இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். தோல் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது.

ஏசி விஷயத்துக்கு வருவோம். புழுக்கம் மிகுந்த மே மாத இரவுக்கு அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஈரத்தையும் சேர்த்து எடுப்பது அது ஒன்றுதான். ஆனால் 27-இல் வைத்து ஃபேனும் போடுங்கள். வந்த புதிதில் 22-இல் வைத்துத் தூங்கி, விடியற்காலை என் உடம்பு 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வந்துவிட்டது. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள எனக்கு வழி இல்லை. செலவுப் பக்கம், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறும். ஏசிக்கு முன்னால் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள் என்பேன். அக்கம்பக்கத்தில் சம்மதம் வாங்குவது தனிப் போராட்டம்.

இனி ராத்திரி. ஏசி ஓடும் அறையில் இரண்டு மணிக்கு முகமும் கழுத்தும் குளித்த மாதிரி நனையும், மூக்கு அடைக்கும், தலை இடிக்கும், கையில் மயிர் சிலிர்க்கும். இடுப்புக்குக் கீழே காய்ந்தே இருக்கும். இதற்கு எந்த மிஷினும் மருந்தில்லை. தண்டுவடத்தில் மார்புப் பகுதி டி6-க்கு மேல் அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிரம்பினாலோ, மூத்திரம் எடுக்கும் டியூப் மடங்கினாலோ, மலம் கட்டினாலோ, படுக்கைப்புண்ணோ கால் நகமோ உறுத்தினாலோ, உடம்பு இப்படித்தான் கத்தும். ரத்த அழுத்தம் எகிறும்.

இங்கே ஒரு கணக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். எனக்குச் சாதாரணமாக ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100 பக்கம்தான். ஒரு முறை 145-இல் அவசரப் பிரிவுக்குப் போனபோது "நார்மல்தானே" என்று உட்கார வைத்துவிட்டார்கள். வழக்கமான அளவைவிட 20, 40 ஏறினாலே எங்களுக்கு ஆபத்து. இப்போது அதை ஒரு அட்டையில் எழுதி வீல்சேரில் தொங்கவிட்டிருக்கிறேன். இப்படி வந்தால் முதலில் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும், இறுக்கமானதைத் தளர்த்த வேண்டும், பிறகு டியூப்பைப் பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

ராத்திரிக்கு நான் ஒப்பிட்டது மூன்றை. ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைப்பது ஓரளவு உதவியது. ஆனால் பகலெல்லாம் உட்கார்ந்து காலில் இறங்கிய நீர், படுத்ததும் மூத்திரமாகத் திரும்பி வரும்; அதனால் சாயங்காலமே ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொள்வது கூடுதல் பலன் தந்தது. ஆக்சிபியூட்டினின் மாத்திரை மூத்திரப்பைத் துடிப்பையும் வேர்வையையும் குறைக்கும், கூடவே வாயைக் காயவைத்து மலத்தைக் கட்டும். கட்டினால் அதே தொல்லை வேறு வாசல் வழியாக வரும். டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். எனக்குச் சரிப்பட்டது இரண்டு மணி அலாரம். தம்பி எழுந்து டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவான். தூக்கம் கெடுவது அவனுக்கு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு பொய்.

எதிர்வீட்டு அக்கா ராத்திரி வேர்வை என்றாலே டிபி என்பார். இருமலும் எடை குறைவும் சேர்ந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். வருடக்கணக்கில் நிலையாக இருந்துவிட்டு வேர்க்கும் இடம் திடீரென்று மாறி, கை பலமும் குறைந்தால், தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி உண்டாகியிருக்கலாம், எம்ஆர்ஐ கேளுங்கள்.

காற்று நிரப்பிய ஏர் பெட்டின் ரெக்சின் புழுங்கும், ஆனால் படுக்கைப்புண் வராமலிருக்க அது தேவை. மேலே பழைய வேட்டி ஒரே மடிப்பு, சுருக்கம் இல்லாமல். நாலாக மடித்தால் பெட் வாங்கிய பயனே போய்விடும்.

மார்கழியில் கதை தலைகீழ். சுடுதண்ணீர்ப் பையை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். கம்பளியும் சாக்ஸும் போதும். சாக்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி மாட்டச் சொல்வேன், தையல் விரலை அழுத்தக் கூடாது.