தவளைப் பெட்டியைக் கடையில் சுத்தம் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனம்

யாழ்ப்பாண நகரில் வளர்ப்பு மீனும் பறவையும் விற்கும் கடை ஒன்றில், "பெட்டி கழுவி, பூச்சிக்கு மருந்தடித்துத் தருவோம்" என்று காசு வாங்குகிறார்கள். மீன் தொட்டிக்கு என்ன செய்கிறார்களோ தெரியாது. தவளைப் பெட்டியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுத் தவளை அங்கே போய் உயிரோடு திரும்பியதே பெரிய காரியம். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை கடையின் பெயரைப் போடவில்லை.

மகன் வளர்ப்பது பக்மான் தவளை. தென்னமெரிக்க இனம், உடம்பில் பாதி வாய்தான். நாள் முழுக்க ஈரத் தும்புத்தூளுக்குள் புதைந்து கிடக்கும், மண்புழுவைக் காட்டினால்தான் அசையும். மாரி தொடங்கியதும் அதன் தண்ணீர்த் தட்டைச் சுற்றி வெள்ளைப் பொடிப்பூச்சிகள் தெரிந்தன. தட்டை விரலால் தட்டினால் டக்கென்று துள்ளி மறைந்தன. போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடை முதலாளியிடம் காட்டினேன்.

"தங்கச்சி, இது உண்ணி. விட்டால் தவளையின்ர ரத்தத்தைக் குடிச்சு முடிச்சிடும்."

"குதிக்குது அண்ணை. உண்ணி குதிக்குமோ?"

"சின்ன உண்ணி குதிக்கும்."

இந்தப் பதிலை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தவளையோடு பெட்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கழுவ, மருந்தடிக்க, 'கிருமி நீக்கிய' புதுத் தும்புத்தூள் போட, எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,500 ரூபா. தவளைக்கு ஒன்றும் ஆகாத மருந்துதானே என்று கேட்டதற்கு, "நாங்கள் எத்தனை வருசமாச் செய்யிறம்" என்றார்.

பின்னேரம் எடுத்து வந்து மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மணம். எப்போதும் புதைந்து கிடக்கிற தவளை மேலே வந்து கிடந்தது. பின்னங்கால் இரண்டும் பின்னால் நீட்டி விறைத்திருந்தன. முன்கால் விரல்கள் நடுங்கின. சும்மா சும்மா வாயைத் திறந்து மூடியது. கடைக்கு அழைத்தேன். எடுத்தது அங்கே வேலை செய்யும் பெடியன். "ஆட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்துதான் அக்கா, ஒண்டும் செய்யாது. தண்ணி கலந்துதான் அடிச்சனாங்கள்."

ஆட்டுக்குத் தடித்த தோலும் மயிரும் இருக்கின்றன. தவளை தண்ணீரைத் தோலாலேயே குடிக்கிறது, மூச்சிலும் ஒரு பங்கு தோலால்தான். ஈர மண்ணில் எதை ஊற்றினாலும் அது வயிற்றுத் தோல் வழியாக நேரே உடம்புக்குள் போகும். கால்நடை உண்ணிக்கு அடிக்கும் மருந்துகளில் பல, சைபர்மெத்ரின் போன்ற பைரித்ரோயிட் வகை. பூச்சியின் நரம்பைக் குழப்பித்தான் அவை கொல்கின்றன. மீனுக்கும் தவளைக்கும் அவை கடும் நஞ்சு. வீட்டில் நுளம்புக்கும் கரப்பானுக்கும் அடிக்கிற ஸ்பிரே பலவும் இதே வகைதான், அதையும் பெட்டிக்குக் கிட்ட அடிக்க வேண்டாம்.

தெரிந்த மிருக வைத்தியர் ஒருவர் போனிலேயே வழி சொன்னார். தலை மேலே நிற்கும்படி ஆழம் குறைந்த கிணற்றுத் தண்ணீரில் வைத்தோம், தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினோம். சவர்க்காரம் கையில் இருக்கக்கூடாது என்றார். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் எடுத்த பிறகுதான். பிறகு ஈர ரிசுப் பேப்பரை விரித்த பிளாஸ்ரிக் பெட்டியில், இருட்டான மூலையில் விட்டோம். விடியும்போது நடுக்கம் நின்றிருந்தது. சாப்பாட்டைத் தொட மட்டும் கன நாள் எடுத்தது.

இனி அந்த 'உண்ணி'. பக்கத்து வீட்டில் உயிரியல் படிப்பிக்கிற ரீச்சர் பழைய தும்புத்தூளில் மிஞ்சியதை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங்ரெயில் என்றார். நீள உடம்பு, வயிற்றுக்குக் கீழே மடித்து வைத்த கொக்கி போன்ற உறுப்பு. அதை விடுவித்தால் துள்ளும். பூஞ்சணத்தையும் உக்கியதையும் தின்னும். தவளையைக் கடிக்காது. வெளிநாடுகளில் தவளைப் பெட்டி சுத்தமாக இருக்கவென்று இதைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள்! நான் காசு கொடுத்து நஞ்சு வைத்தல்லோ கொல்லுவித்திருக்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவர்கள் தந்த 'கிருமி நீக்கிய' தும்புத்தூளில் ஒரு பை மிச்சம் இருந்தது. அதைப் பிரித்தால் உள்பக்கம் மாப்பொடி பூசினது போல. உற்றுப் பார்த்தால் பொடி நகருகிறது. உருண்டை உடம்பு, மெதுவான ஊர்வு, துள்ளல் இல்லை. இதுதான் உண்மையான மைற், தானியத்திலும் தீவனத்திலும் வருகிற சிற்றுண்ணி. கடையில் அந்தப் பைகளைக் கோழித்தீவன மூட்டையோடு சேர்த்து அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன். இதுகூட ரத்தம் குடிப்பதில்லை. ஆனால் ஈரமும் மிச்சச் சாப்பாடும் கிடைத்தால் பெருகிப் போய்த் தவளையின் மேலெல்லாம் ஊரும்.

அதற்கும் மருந்து தேவையில்லை. தும்புத்தூள் முழுவதையும் பையில் கட்டி எறிந்துவிட்டு, பெட்டியைச் சுடுதண்ணீரால் கழுவி நல்ல வெயிலில் காயவிட்டால் போதும், ஈரமில்லாமல் காய்ந்தால் மைற் தாங்காது. தவளை சில கிழமை ஈர ரிசுவில் இருக்கட்டும். ரிசுவை ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். புதுத் தும்புத்தூளைக் கொதிதண்ணீரில் ஊறவைத்து, ஆறவிட்டுப் பிழிந்து போடுங்கள். தின்னாமல் விட்ட புழுவை அன்றிரவே எடுத்துவிடுங்கள். எறும்பு வந்தால், அம்மம்மா சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்த அதே வேலைதான்: மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வைப்பது.

மறுநாள் போய்க் கேட்டபோது முதலாளி, தவளை வரும்போதே வருத்தத்தோடு வந்தது என்றார். அடித்த மருந்தைக் காட்டச் சொன்னேன். லேபிள் இல்லாத சோடாப் போத்தல். காசைத் திருப்பித் தரவில்லை. வட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டார். என்னிடம் மிஞ்சியது பற்றுச்சீட்டு, பெடியன் பிறகு அனுப்பிய குரல் பதிவு, அந்தப் பை. அவற்றை வைத்துத்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதினேன். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். லேபிள் இல்லாமல் பூச்சிமருந்து வைத்திருப்பது பீடைகொல்லிப் பதிவாளர் பார்க்க வேண்டிய விசயம், அங்கேயும் ஒரு பிரதி போயிருக்கிறது.

இந்த மாரிக்குள் அங்கே பெட்டி கொடுத்தவர்கள் யாரும் இருந்தால், மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். மருந்து மணம் இருந்தால் தவளையை உடனே வெளியே எடுங்கள். அந்த மண்ணைக் கிணற்றடியிலோ மீன் தொட்டிப் பக்கமோ கொட்ட வேண்டாம். எனக்கும் எழுதிவிடுங்கள், ஒரே முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.