கேரவனின் ஏர் படி: மலையில் தெரிந்த குணமும் பட்டறையில் செய்த மாற்றமும்

பேருந்தின் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) கட்டப்படும், தங்கும் வசதியுள்ள கேரவனுக்குக் காற்றழுத்தத்தில் நீண்டு மடங்கும் நுழைவுப் படி வீண் ஆடம்பரம் அல்ல. ஆனால் பாடி கட்டுபவர்கள் சமவெளியை மனத்தில் வைத்துப் பொருத்தித் தரும் அதே நிலையில் அதை நீலகிரியில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோத்தகிரியில் நாங்கள் நடத்தும் விடுதியின் கேரவனில் இந்தப் படி வண்டியோடு வந்தது. பிறகு குன்னூரில் ஒரு பட்டறையில் அதைத் திருத்திக்கொண்டோம். இந்த மதிப்புரை அந்த இரண்டு நிலைகளையும் பற்றியது.

இந்த வகை வண்டியில் முதல் படி தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கும். சுற்றுலாவுக்கு வரும் முதியவர்கள் கைப்பிடியை இறுகப் பற்றி உடலை இழுத்து ஏற வேண்டியிருக்கும். கதவைத் திறந்ததும் கீழே ஒரு படி நீண்டு நின்றால் அந்தச் சிரமம் இல்லை. நகரப் பேருந்தின் தானியங்கிக் கதவில் இருக்கும் அதே ஏற்பாடுதான் இதிலும் இருக்கிறது: என்ஜின் கம்ப்ரசர் நிரப்பும் காற்று, அதைத் திருப்பிவிடும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு, தள்ளவும் இழுக்கவும் ஒரு சிலிண்டர். கதவு திறந்தால் படி வெளியே வரும், ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் உள்ளே போய்விடும். மின்மோட்டார் படியைவிட இது விரைவானது, மழை நீரால் கெட்டுப்போகும் பாகங்களும் குறைவு. இதுவரை பாராட்டத்தான் வேண்டும்.

குறை, காற்று எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதில் தொடங்கியது. எங்கள் வண்டியில் பிரேக் டேங்குக்குச் செல்லும் குழாயிலேயே ஒரு டீ-ஜாயின்ட் வைத்துப் படிக்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். படியின் ஹோஸ் ஒன்று பிய்ந்தாலும் பிரேக்குக்கான காற்று அதன் வழியாக வெளியேறிவிடும். மேட்டுப்பாளையத்தை நோக்கித் தொடர்ந்து இறங்கும் சாலையில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “பிரேக்குக்குப் போற காத்துல வேற எதுவும் கை வைக்கக் கூடாதுங்க சார்.” காற்றைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்து, ஒன்றில் கசிந்தாலும் மற்றவற்றைக் காக்கும் நான்கு சுற்றுப் பாதுகாப்பு வால்வு சேசிஸில் ஏற்கெனவே இருந்தது; அதில் துணைக் கருவிகளுக்கென்று விடப்பட்ட வாய்க்குப் படியின் இணைப்பை மாற்றி, காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் திரும்பா வால்வுடன் 10 லிட்டர் டேங்க் ஒன்றைத் தனியாக வைத்தார். இப்போது பிரேக் டேங்குகள் நிரம்பிய பிறகுதான் படிக்குக் காற்றுப் போகும். படியின் பக்கம் முழுவதும் கசிந்து காலியானாலும் பிரேக்குக்குரிய அழுத்தத்தை அந்தப் பாதுகாப்பு வால்வு காத்துக்கொள்ளும். என்ஜினை அணைத்த பிறகும் ஏழெட்டு முறை படியை இயக்க அந்தச் சிறிய டேங்கே போதுமானதாக இருக்கிறது.

மலையின் உயரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும்; ஆகவே கம்ப்ரசர் ஒவ்வொரு சுற்றிலும் உறிஞ்சும் காற்றின் அளவு குறைந்து, டேங்க் நிரம்பக் கூடுதல் நேரம் ஆகிறது. மீட்டரில் அதே அழுத்தம் வந்துவிட்டால் படியின் விசை மட்டும் குறைவதில்லை. குளிரின் கணக்கு வேறு: மாலை 18 டிகிரியில் 8 பார் (காற்றழுத்த அலகு) காட்டிய டேங்க், விடியலில் வெப்பம் 4 டிகிரிக்கு இறங்கியதும், துளிக் கசிவும் இல்லாமலே ஏறக்குறைய 7.6 பார் காட்டும். அதற்கும் கீழே இறங்கியிருந்தால்தான் சோப்பு நுரையைத் தடவி லீக் தேட வேண்டும். எங்கள் வண்டியில் சிலிண்டரின் தண்டு வெளிவரும் இடத்தில் காற்றை அடைத்து நிற்கும் ஓ-ரிங் வளையம் தேய்ந்து, நுரை கடுகளவுக் குமிழ்களாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சிறு கசிவுதான் வாங்கிய நிலையில் இருந்த படியின் மோசமான குணத்தை வெளிக்காட்டியது. படியை நிலைநிறுத்தக் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரவில் காற்று இறங்கிவிட்டால், நீண்டு நிற்கும் படியில் காலையில் கால் வைப்பவரின் எடைக்கு அது பின்னோக்கி மடங்கும். ஓட்டத்தில் காற்றுப் போனால் படி வெளியே தொங்கிக் கைப்பிடிச் சுவரில் உரசும். இதற்காகப் பட்டறையில் இணைப்புத் தண்டின் அமைப்பையே மாற்றினார்கள். படி முழுவதும் நீண்டதும் தண்டு நேர்கோட்டைச் சற்றே தாண்டி நின்று, ஏறுபவரின் எடையைச் சிலிண்டருக்கு அனுப்பாமல் சேசிஸுக்கே கடத்துகிறது. உள்ளே மடங்கிய நிலையில் ஸ்பிரிங் கொக்கி ஒன்று படியைப் பிடித்துக்கொள்கிறது. காற்றே இல்லாத வேளையில் கதவோரம் உள்ள கேபிளை இழுத்து அந்தக் கொக்கியை விடுவிக்கலாம். படி முழுமையாக உள்ளே போகாவிட்டால் ஓட்டுநருக்கு பஸ்ஸர் ஒலிக்கிறது. கட்டிய நிறுவனமே செய்து தந்திருக்க வேண்டிய வேலை இது.

விசையையும் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. 50 மில்லிமீட்டர் சிலிண்டர் 6 பார் அழுத்தத்தில் சுமார் 120 கிலோ விசையுடன் தள்ளுகிறது. எதிரே குழந்தையின் கால் இருந்தாலும், சரிவில் நிறுத்தும்போது மேட்டுப்பக்கத் தரை இடித்தாலும் அதே விசைதான். தரையில் இடித்ததில் எங்கள் படியின் பிராக்கெட் வளைந்தே போயிருந்தது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வைத்து 4 பாருக்குக் குறைத்ததில் அது 80 கிலோவுக்கு இறங்கியது. சிலிண்டரின் இரு வாய்களிலும் வெளியேறும் காற்றை நெரிக்கும் திருகு வால்வுகளைப் பொருத்தியதால், முன்பு ‘படீர்’ என்று வந்து நின்ற படி இப்போது நிதானமாக நகர்கிறது. 80 கிலோவும் குழந்தையின் காலுக்கு அதிகம்தான் என்பதால், படியை இயக்குபவர் வாசலைப் பார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

பராமரிப்பு எளிது, ஆனால் விட்டுவிடக் கூடாதது. டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிகால் குழாயைத் திறந்து வெளியேற்ற வேண்டும். உறைபனிக் காலத்தில் தலைக்குந்தா போன்ற இடங்களில் இரவு நிறுத்தினால் அந்த ஈரம் வால்வுக்குள் உறைந்து படி அசையாமல் நின்றுவிடும். மழைக்காலத்தில் செம்மண் சேறு கீல்களில் இறுகுவதற்குள் கழுவிவிட வேண்டும்.

பட்டறை வேலையிலும் குறைகள் உண்டு. வயர்களை உறையின்றித் தொங்கவிட்டிருந்ததால் அவற்றை வேறோர் எலக்ட்ரீஷியனை வைத்து ஒழுங்குபடுத்த நேர்ந்தது. காற்று வெளியேறும் வாயில் சைலன்சர் போட்டும் ‘புஸ்’ என்ற சத்தம் இரவில் உறங்குபவரை எழுப்பும் அளவுக்குக் கேட்கிறது. சிறிய வேன் அளவிலான கேரவன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையற்றது. ஹைட்ராலிக் பிரேக் உள்ள அவ்வகை வண்டிகளில் காற்றுக்கே தனி கம்ப்ரசர் வேண்டும் என்பதால், மின்மோட்டார் படியோ கையால் மடக்கும் படியோ போதும். பெரிய வண்டி வாங்குபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கட்டும் இடத்துக்குச் சென்று, காற்றை முழுவதும் இறக்கிவிடச் சொல்லி, வெறும் படியில் ஏறி நின்று பார்க்க வேண்டும்.