சாட்ஸ்வர்த்தில் ஒரு நாய்க்குட்டிப் பயிற்சி வகுப்பு: ஆறு வார அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் ஒரு வகுப்பில், கூப்பிட்டால் வரப் பழக்குவதற்காக எங்கள் நான்கு மாதக் குட்டி கருப்பனைச் சேர்த்திருந்தோம். பெயரை ஒரே முறை உற்சாகமான குரலில் அழைத்து, அது திரும்பிப் பார்த்த கணமே இரண்டடி பின்வாங்கி, காலடிக்கு வந்து சேர்ந்ததும் தீனி கொடுக்க வேண்டும் என்பதே பயிற்சியாளர் காட்டிய முறை. "வாடா, வாடா" என்று பத்து முறை கத்தினால் முதல் ஒன்பதும் வெறும் சத்தம் என்றே குட்டி கற்றுக்கொள்ளும் என்று அவர் சொன்னது, என் மாமியாருக்குச் சுருக்கென்று தைத்தது. வந்த குட்டியைத் திட்டவே கூடாது, அழைத்த ஒவ்வொரு முறையும் விளையாட்டை முடித்துக் கட்டிப்போடவும் கூடாது என்பதையும் அவர் பொறுமையாகப் புரியவைத்தார். அங்கே தீனியாகக் கொடுத்த பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) துண்டுகளில் உப்பு அதிகம் என்பதால், வீட்டில் உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பயன்படுத்தினோம்.

குறை ஒன்று உண்டு: வேலியிட்ட அமைதியான திடலிலேயே எல்லாப் பாடங்களும் முடிந்துவிட்டதால், எங்கள் மதில்மேல் குரங்குகள் வந்து உட்கார்ந்த முதல் நாளே கருப்பனுக்குக் காது கேட்கவில்லை. பிறகு பத்து மீட்டர்க் கயிற்றில் கட்டி, குரங்குகளுக்கு வெகு தொலைவிலிருந்து நாங்களே தொடங்க வேண்டியிருந்தது. இப்போது பாதி வழியில் நின்று மதிலை ஒரு முறை பார்த்துவிட்டு, வருகிறான்.