யூஎஸ்பி ஆவணங்களோடு ஐந்து ஆண்டுகள்

மார்த்தாண்டத்தில் சிறிய மின்னணுப் பட்டறை வைத்திருக்கிறேன். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஷீட் உலர்த்தும் புகையறைகளுக்கு வெப்பநிலைப் பதிவுக் கருவிகள் செய்து கொடுப்பதே முக்கிய வேலை. பதிவுகளைக் கணினிக்கு எடுக்க யூஎஸ்பி இணைப்பு தேவைப்பட்டதால் அதன் ஆவணங்களைத் தேடத் தொடங்கினேன்.

கணினிக்குள் அட்டைகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் போல உறுப்பினர்களுக்கு மட்டும் இலவசம் என்று வைக்காமல், யூஎஸ்பி தரத்தை வகுக்கும் அமைப்பு தன் விவரக்குறிப்புகளை எல்லோருக்கும் கட்டணமின்றியே தருகிறது. 2000-இல் வெளிவந்த யூஎஸ்பி 2.0 ஆவணம் 600 பக்கங்களைத் தாண்டும்; முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி நான்காம் நாளே கைவிட்டேன். எனக்கு உதவியவை மின்பண்புகளைச் சொல்லும் 7-ஆம் இயலும், கருவி தன்னைக் கணினிக்கு எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்று விளக்கும் 9-ஆம் இயலுமே.

எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் டைப்-சி இணைப்பின் ஆவணத்தைப் படிக்காமல், இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடத்தை நம்பியதற்குத் தண்டம் கட்டியிருக்கிறேன். மறுமுனையில் என்ன இணைந்திருக்கிறது என்று சார்ஜர் கண்டறிய உதவும் சிசி1, சிசி2 ஆகிய இரு பின்களுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டியிருக்க, அந்த வரைபடம் இரண்டையும் இணைத்து ஒன்றே ஒன்றை வைத்திருந்தது. பட்டறையிலிருந்த சாதாரண கேபிளில் கருவி ஒழுங்காக வேலை செய்தது. தோட்டக்காரர் ஒருவர் தம் லேப்டாப் சார்ஜரின் தடித்த கேபிளைச் செருகியபோது விளக்கே எரியவில்லை. அத்தகைய கேபிளின் முனைக்குள் சுமார் 1 கிலோ ஓம் மின்தடை இருக்கும்; அது என் ரெசிஸ்டரோடு இணையாகச் சேர்ந்து 840 ஓம் அளவுக்கு இறங்கிவிட, சார்ஜர் இதை ஆடியோ துணைக்கருவி என்று எண்ணி மின்சாரமே தரவில்லை. 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியின் முதல் போர்டுகளிலும் இதே பிழை இருந்தது என்று பின்னர் அறிந்தபோது, வெட்கம் சற்றுக் குறைந்தது.

மின்சுற்று போர்டு வரையும்போது யூஎஸ்பி ஆவணம் மட்டும் போதாது. டேட்டா செல்லும் இரு செப்புத் தடங்களுக்கிடையே 90 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) வேண்டும் என்கிறதே தவிர, நம் போர்டின் தடிமனுக்குத் தடம் எவ்வளவு அகலம் என்று சொல்வதில்லை. அதற்குச் சிப் தயாரிப்பாளர்களின் பயன்பாட்டுக் குறிப்புகளே கைகொடுத்தன. 12 எம்பிபிஎஸ் (நொடிக்கு 12 மெகாபிட்) வேகத்தில் குட்டையான தடம் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். 480 எம்பிபிஎஸ் வேகத்தில் அந்தச் சலுகை கிடையாது.

எனக்குள்ள பெரிய குறை பெயர்க் குழப்பம்தான். யூஎஸ்பி 3.0 என்று வந்த அதே 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்) வேகம் பின்னர் 3.1 ஜென் 1 ஆகி, அதற்கும் பின்னர் 3.2 ஜென் 1 ஆனது. சிப்பின் டேட்டாஷீட் ஒரு பெயரைச் சொல்ல, கனெக்டர் பொட்டலம் வேறொன்றைச் சொல்லும். ஆதலால் நான் பெயரை விட்டுவிட்டு வேகத்தை மட்டுமே பார்த்து வாங்குகிறேன்.