75 அங்குல ஸ்மார்ட் போர்டு: வாங்கலாம், கரும்பலகையைக் கழற்றாமல்

சாக்பீஸ் தூள் இல்லாத வகுப்பறை என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். பல்லடம், சூலூர், காங்கயம் பக்கம் வேறு தூசி இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். பக்கத்தில் நூல் மில் இருந்தால் பஞ்சும் சேரும்.

பள்ளிகளுக்கு வரும் போர்டுகளில் பெரும்பாலும் இன்ஃப்ராரெட் டச்தான். ஓரச் சட்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். எங்கே மறைகிறதோ அங்கே விரல் பட்டதாக எடுத்துக்கொள்ளும். பஞ்சு ஒட்டினாலும் அதற்கு விரல்தான். யாரும் தொடாமலே கோடு விழும், பக்கம் தானாக நகரும். உடனே சர்வீஸுக்குப் போன் போடாதீர்கள். போர்டை அணைத்துவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் கீழ்ச் சட்டத்தின் உள்விளிம்பைத் துடையுங்கள். தூசி அங்கேதான் தங்கும். காற்றடிக்கும் மாதங்களில் இது தினசரி வேலை. ஜன்னல் வெயில் சட்டத்தில் நேராக விழுந்தாலும் இதே தொல்லைதான், திரைச்சீலை போட்டுவிடுங்கள்.

அளவு விஷயத்தில் 65 அங்குலம் போதும் என்பார்கள். எழுத்தைப் படிக்கிற பாடத்துக்குக் கடைசி பெஞ்ச், திரை உயரத்தின் 6 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 75 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு, திரையின் உயரம் 93 செ.மீ.தான், அதாவது 18 அடி வரை. 65 அங்குலம் 16 அடியோடு நின்றுவிடும். 20 அடி அறைக்கு 75-ஏ ஒட்டித்தான் வருகிறது. "தெரியுதா கண்ணு?" என்று கேட்டால் "தெரியுதுங்க மிஸ்" என்றுதான் பதில் வரும், கடைசி பெஞ்சுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எடை 50 கிலோவை ஒட்டி வரும், ஹாலோ பிளாக் சுவரில் வெறும் பிளாஸ்டிக் பிளக்கை நம்ப வேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தினால் பள்ளி நேரம் முழுக்கப் போய்விடும். போர்டு 200 வாட் இழுத்தால், சைன்வேவ் இன்வெர்ட்டரும் புது 150 ஏ.எச். பேட்டரியும் நாலைந்து மணி நேரம் தாங்கும். ஃபேனையும் அதிலேயே கோர்த்தால் கணக்கு உதைக்கும்.

பாடப்புத்தக க்யூஆர் கோடு வீடியோக்களை முந்தின நாளே திக்‌ஷா செயலியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நெட் சுற்றிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் கை நழுவிவிடும்.

உண்மையான பலன் கணக்குப் பாடத்தில்தான். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இலவசம், நிறுவிவிட்டால் நெட் வேண்டாம். முக்கோணத்தின் ஒரு முனையை இழுக்க இழுக்க மூன்று கோணமும் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180-லேயே நிற்கும். இதைக் கரும்பலகையில் காட்ட முடியாது. இருபடி வரைபடமும் அப்படித்தான், கெழுவை மாற்றினால் வளைவு கண்ணெதிரே விரியும். ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 8 மதிப்பெண் வரைபடத்தைப் பிள்ளை கையால்தான் போட வேண்டும். அளவுத்திட்டம் எடுப்பது, அட்டவணை எழுதுவது, புள்ளிகளைச் சேர்ப்பது எல்லாம் ஆசிரியர் ஒவ்வொரு படியாகக் கரும்பலகையில் போட்டு, அது அழியாமல் பீரியட் முடியும்வரை நிற்க வேண்டும். ஆகவே போர்டை நடுவில் மாட்டாமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, 8 அடிக் கரும்பலகையை அப்படியே விடச் சொல்லுங்கள்.